பதறாத கை

செம்பியன் மெம்பிரேன்ஸ் கம்பெனியில் இந்துஜாவின் வேலை, நாளுக்கு இரண்டு முறை ஒரு கண்ணாடித் தட்டின்மேல் வலது உள்ளங்கையை வைப்பது. மற்றதெல்லாம் அதற்கு முன்னால் செய்யும் ஆயத்தம்தான்.

பெருந்துறை சிப்காட் தொழிற்பேட்டையில் இருந்த அந்தக் கம்பெனி டயாலிசிஸ் ஃபில்டர் தயாரித்தது. சிறுநீரகம் பழுதானவர்களின் இரத்தத்தைச் சுத்தம் செய்யும் பிளாஸ்டிக் உருளை. ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம். உள்ளே முடியளவு மெல்லிய இழைக்குழாய்கள் பல ஆயிரம். ஒவ்வொரு உருளையிலும் காற்றைச் செலுத்தி, எங்காவது கசிகிறதா என்று பார்த்த பிறகே பெட்டியில் அடைக்க வேண்டும். அந்தச் சோதனை எண்கள் இந்துஜாவின் மேசைக்கு வரும். அவள் அவற்றைத் தொகுதி எண்ணோடும் தேதியோடும் சேர்த்து ஒரு ஃபைலாகக் கட்டி, 'காப்பு' என்ற சர்வர் வழியாக நாற்பத்திரண்டு டயாலிசிஸ் மையங்களுக்கு அனுப்புவாள். ஃபைல் வந்து சேராத தொகுதியிலிருந்து ஒரு உருளையை மாட்டினால் மையத்திலுள்ள இயந்திரம் ஓடாது.

முன்பெல்லாம் இதற்கு பாஸ்வேர்டு போதுமாக இருந்தது. பிறகு கைரேகை வந்தது, பிறகு முகம். எல்லாவற்றையும் நகலெடுக்கப் போலிச் சரக்கு விற்கும் ஆட்கள் கற்றுக்கொண்டார்கள். நகலெடுக்க முடியாத ஒன்றாக ஒவ்வொருவரின் இதயத்துடிப்பையும் சாவியாக்கியபோது, நகலை விட்டுவிட்டு ஆளையே பிடித்தார்கள். பிள்ளையைக் காரில் உட்காரவைத்துக்கொண்டு அம்மாவைக் கை வைக்கச் சொன்னார்கள். அப்படி மூன்று சம்பவங்கள் நடந்த பிறகு காப்பு வந்தது. வைக்கப்பட்ட கை யாருடையது என்பதோடு, அது விரும்பி வைத்த கையா என்றும் அந்தச் சர்வர் பார்த்தது. துடிப்பு, வியர்வை, தோலுக்கு அடியில் ஓடும் நடுக்கம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துவிட்டுப் பச்சையோ சிவப்போ காட்டும். பச்சை வந்தால் ஃபைல் போகும். காப்பு வழியாக வந்த ஃபைல் என்றால் மருத்துவமனைகளும் நீதிமன்றங்களும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டன.

நியமன உத்தரவில் இந்துஜாவின் பதவி 'சாவிதாரர்'. கம்பெனியில் எல்லோருக்கும் சாவியக்கா. இருபது பேரைச் சோதித்து அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவள் இயல்பிலேயே நிதானமானவள். ஆறு வருஷத்தில் அவள் கைக்குச் சிவப்பு வந்தது ஒரே முறை, அப்பா இறந்த மூன்றாம் நாள் வேலைக்கு வந்தபோது. அதற்குப் பிறகு கம்பெனியிலிருந்து ஓர் அம்மா வீட்டுக்கு வந்து, சாவிதாரரின் மனநிலையைக் குடும்பம் எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவள் கணவன் தினகரனுக்கும் மகள் நேத்ராவுக்கும் ஒரு மணி நேரம் எடுத்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

தினகரன் அதை அப்படியே கடைப்பிடித்தான். மஞ்சள் மண்டியில் தகராறு என்றால் வாசலிலேயே விட்டுவிட்டு வருவான். காலையில் வீட்டில் டிவி செய்தி கிடையாது. சொந்தத்தில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் அவர் தேறி எழுந்த பிறகுதான் இந்துஜாவுக்குத் தெரியும். நல்ல குடும்பம் அமைந்தது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை இரண்டாம் தயாரிப்பு லைனிலிருந்து எண்கள் வந்தன. கட்டிக்கொண்டிருக்கும்போதே ஏதோ உறுத்தியது. கடைசி அறுநூறு உருளைகளின் எண்களை முன்பு எங்கோ பார்த்ததுபோல் இருந்தது. முந்தின வாரத்து ஃபைலைத் திறந்து பக்கத்தில் வைத்தாள். மூன்றாவது தசமம் வரை, வரிசை கூட மாறாமல், அதே அறுநூறு எண்கள்.

தயாரிப்புக் கூடத்தில் யாரோ தவறுதலாகப் பழையதை ஒட்டிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தாள். தரக்கட்டுப்பாட்டுத் தலைவர் சென்னியப்பனிடம் போய்ச் சொன்னாள். அவர் திரையைப் பார்க்காமலே, "நான் பாத்துட்டேம்மா. அனுப்பிருங்க" என்றார்.

அவள் வந்து கை வைத்தாள். சிவப்பு.

காலையில் காபி கொஞ்சம் திக்காகக் குடித்தது காரணமாக இருக்கும் என்று தண்ணீர் குடித்துவிட்டு, பத்து நிமிஷம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி வைத்தாள். சிவப்பு. சென்னியப்பனே வந்து பின்னால் நின்றார். மூன்றாவது முறையும் சிவப்பு வந்ததும் சர்வர் தன்னைப் பூட்டிக்கொண்டது. இனி லேசில் திறக்காது. காப்பு கம்பெனியிலிருந்து ஆள் வந்து, சாவிதாரரை யாரும் மிரட்டவில்லை என்று உறுதி செய்து, அதன் பிறகு ஒரு நாள் கழிய வேண்டும். அதுதான் விதி.

மதியம் மூன்று மணிக்கு ரியாசுதீன் வந்தான். திருச்சிக்காரன், முப்பது வயதிருக்கும். சாவியறைக்குள் இந்துஜாவை மட்டும் வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினான்.

"மேடம், இது நான் எல்லார்கிட்டயும் கேக்குற கேள்வி. உங்கள யாராவது மிரட்டுறாங்களா?"

"இல்லீங்க."

"வீட்ல?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நல்லாத்தான் இருக்கேன். உங்க மிஷின்ல ஏதோ கோளாறுன்னு நெனைக்கிறேன்."

அவன் தன் கையை வைத்தான், இன்னும் இரண்டு சோதனைகள் செய்தான். "மிஷின் சரியா இருக்கு" என்றான். பிறகு சற்று யோசித்து, "ஒண்ணு கேக்கவா? அந்த ஃபைல்ல ஏதாவது உங்களுக்குப் புடிக்காம இருந்துச்சா?"

இந்துஜா கண்ணாடித் தட்டைப் பார்த்தாள்.

"என்ன ஃபைல்னு எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. ஆனா இதுக்குக் காரணமெல்லாம் புரியாது மேடம். துப்பாக்கிய நீட்டி வைக்கச் சொன்னாலும் சரி, மனசுக்கு ஒப்பாத ஒண்ண பண்ணச் சொன்னாலும் சரி, உடம்பு ஒரே மாதிரிதான் இருக்கும். இது உடம்பத்தான் படிக்குது."

"வேற எங்கயாச்சும் இப்படி ஆயிருக்குதுங்களா?"

"இந்த வருஷம் நான் போனதுல நாலு எடம்."

"அங்கெல்லாம் என்ன பண்ணாங்க?"

"ஆள மாத்தினாங்க" என்றான் ரியாசுதீன். அறிக்கையில் 'மிரட்டல் இல்லை. உடல் அயர்ச்சி' என்று எழுதி அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான்.

அவன் போன பிறகு சென்னியப்பன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். இருபத்தெட்டு வருஷமாக ஃபில்டர் தயாரிப்பிலேயே ஊறியவர். குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை.

"உக்காரும்மா. ஒளிச்சுப் பேசல. ரெண்டாம் லைன்ல லீக் டெஸ்ட் மிஷின் ஓடல. ஸ்பேர் வரணும். பதினோராயிரம் ஃபில்டர் நிக்குது. மையங்கள்ல நாலு நாளுக்குத்தான் சரக்கு இருக்குது. இது போகலீன்னா வாரத்துக்கு மூணு தடவ டயாலிசிஸுக்குப் படுக்கறவங்க ரெண்டு தடவதான் படுப்பாங்க. அவங்களுக்கு உடம்புல தண்ணி சேர்ந்துச்சுன்னா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்."

"ஃபில்டர் லீக் ஆனா என்னாகுமுங்க சார்?"

"மிஷின் அலாரம் அடிச்சு நின்னுரும். குழாய்ல இருக்கற ரத்தத்த திரும்ப உடம்புல ஏத்த முடியாது, அவ்வளவும் வீண். ஆனா அதே இழை, அதே பசை, அதே ஆளுங்க. நம்ம சரக்கு லீக் ஆகாது."

"அப்ப சோதிக்கலைன்னே எழுதி அனுப்பலாமுங்களே."

"எழுதினா ஒருத்தரும் எடுக்க மாட்டாங்க." மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். "டாக்டர் எனக்கு எழுதித் தந்தது. மீட்டிங்ல பேசறதுக்கு முன்னால போட்டுக்குவேன். படபடப்பு இருக்காது, கை வேர்க்காது. நாளைக்கு வர்றப்ப ஒண்ணு போட்டுட்டு வாங்க."

இந்துஜா அதை வாங்கி ஹேண்ட்பேகில் போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வழக்கத்தைவிட முன்னால் போய்விட்டாள். பள்ளி விட்டு வந்த நேத்ரா சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள். வலது கணுக்காலைச் சுற்றித் துணிக்கட்டு. ஓரத்தில் மஞ்சளும் பச்சையுமாகக் கன்றிப்போயிருந்தது. அம்மாவைப் பார்த்ததும் சாக்ஸை மறுபடி மேலே இழுத்தாள்.

"என்னது அது?"

"ஒண்ணுமில்லம்மா. ஸ்கூல் பஸ் படியில வழுக்கிட்டேன். எலும்பு லேசா கீறியிருக்குன்னு டாக்டர் சொன்னாரு. ஆறிருச்சு."

"எப்ப?"

"பதினேழு நாளாச்சு."

"பதினேழு நாளா எங்கிட்ட சொல்லலையா நீ?"

"உனக்கு ரெட் வந்துரும்னு அப்பாதான்…" பதினான்கு வயதுப் பெண், வலிக்கிற காலோடு பதினேழு நாள் தன் முன்னால் நொண்டாமல் நடந்திருக்கிறாள். இந்துஜா கீழே உட்கார்ந்து அந்தக் கட்டை அவிழ்த்துப் பார்த்தாள். எங்கெல்லாம் வலித்தது, எக்ஸ்ரே எடுக்கும்போது யார் கூட இருந்தார்கள், என்ன மருந்து கொடுத்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். சொல்லச் சொல்ல மகள் அழ ஆரம்பித்தாள். வேறு என்னென்ன மறைத்திருக்கிறார்கள் என்று கேட்டபோது, நேத்ரா விரல்விட்டு எண்ணினாள். சின்ன அத்தைக்குக் கரு கலைந்தது. மண்டியில் அப்பாவை ஒருவன் அடித்தது. கணக்குப் பரீட்சையில் இரண்டு முறை தோற்றது.

தன் நிதானம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தது, தனக்கு எதுவும் தெரியாமல் மற்றவர்கள் பார்த்துக்கொண்டது என்று அவளுக்கு விளங்கியது. தினகரன் வந்ததும் சண்டை போடவில்லை. "இனிமே எது நடந்தாலும் அன்னைக்கே எனக்குத் தெரியணும்" என்று மட்டும் சொன்னாள். அவன், "வேல போயிருமே" என்றான். அவள், "போகட்டும்" என்றாள்.

மறுநாள் மூன்று மணிக்குச் சர்வர் திறந்தது. அதற்கு முன்பே இந்துஜா ஃபைலை மறுபடி கட்டியிருந்தாள். ஒட்டப்பட்ட அறுநூறு எண்களை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் 'சோதிக்கப்படவில்லை' என்று எழுதியிருந்தாள். உண்மையான ஃபைல்தானே, கைக்குத் தானாகப் பச்சை வரும் என்று எதிர்பார்த்தாள்.

சிவப்பு வந்தது.

அவளுக்கே ஒரு கணம் புரியவில்லை. பிறகு கையைப் பார்த்தாள். உள்ளங்கை ஈரமாக இருந்தது. சென்னியப்பன் எந்த நேரமும் கதவைத் திறந்துகொண்டு வரலாம். வேலை போகும். பதினோராயிரம் ஃபில்டருக்குக் காத்திருப்பவர்கள் வேறு. பொய் சொல்லப் பயந்த அதே உடம்பு, உண்மையைச் சொல்லவும் அதே அளவு பயந்தது. காப்புக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஹேண்ட்பேகிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். ஒன்றைப் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தாள். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று தணிந்து அடங்கியது. பயம் இருந்தது, ஆனால் உடம்புக்கு அது எட்டவில்லை. கை வைத்தாள். பச்சை. நாற்பத்திரண்டு மையங்களுக்கும் ஃபைல் போனது.

முதல் அழைப்பு கால் மணி நேரத்தில் வந்தது. தர்மபுரி மையத்தின் பொறுப்பாளர் ஜெபராணி சிஸ்டர். "இதுல ஒரு இடத்துல சோதிக்கலைன்னு போட்டிருக்கே, கை தவறிப் போட்டதா?" என்று கேட்டாள்.

"இல்லீங்க சிஸ்டர். நெசமாவே சோதிக்கல."

"இத்தனை வருஷத்துல இப்படி ஒரு ஃபைல் வந்ததே இல்லையே. அப்ப மத்ததெல்லாம் சோதிச்சதுதானே?"

இந்துஜா அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு நேராகச் சென்னியப்பனின் அறைக்குப் போனாள். அவருக்குச் செய்தி எட்டியிருந்தது. கோபமாக இல்லை, களைத்துப்போயிருந்தார்.

"மிஷின் எப்பருந்து ஓடலீங்க சார்?"

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பதினாலு மாசமா."

"அந்த எண்ணெல்லாம்?"

"பழைய எண்ணத்தான் கொஞ்சம் கொஞ்சம் மாத்திப் போட்டுட்டிருந்தோம். புது மிஷினுக்கு எழுதிட்டேதான் இருந்தேன். அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னாங்க. இந்தத் தடவ ஷிஃப்ட் ஆளு மாத்தறதுக்குச் சோம்பல்பட்டு அப்படியே ஒட்டிட்டான். இல்லீன்னா உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

"பதினாலு மாசமும் எனக்குப் பச்சதான வந்துச்சு."

"ஆமாம்மா. உங்களுக்குத் தெரியாதே."

அடுத்த வாரம் விசாரணை நடந்தது. காப்பு கம்பெனியின் சட்ட அதிகாரி சென்னையிலிருந்து வந்திருந்தார். கேள்விகளைத் தாளிலிருந்து படித்தார். செவ்வாய்க்கிழமை மூன்று சிவப்பு, புதன்கிழமை ஒரு சிவப்பு, அதன் பிறகு ஒரு பச்சை, நடுவில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். இந்துஜா மறைக்கவில்லை. மாத்திரை போட்டதைச் சொன்னாள். யார் கொடுத்தது என்பதையும் எதற்காகக் கொடுத்தது என்பதையும் சொன்னாள். அதிகாரி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். பிறகு முடிவைப் படித்தார். மருந்தால் அடக்கப்பட்ட கை ஒப்பந்தப்படி செல்லாது. ஆகவே புதன்கிழமை அனுப்பிய ஃபைல் ரத்து செய்யப்படுகிறது. சாவிதாரர் பதவி நீக்கப்படுகிறார். அதற்கு முன் பதினான்கு மாதங்களில் அனுப்பிய ஃபைல்கள் எல்லாம் இயல்பு நிலையில் உள்ள கையால், முறைப்படி அனுப்பப்பட்டவை. அவை செல்லும்.

"அதெல்லாம் பொய்யின்னு இப்பத்தான சொன்னேனுங்க" என்றாள் இந்துஜா.

"உள்ளே என்ன இருக்குங்கறது எங்க பொறுப்பு இல்லை மேடம். வழியில யாரும் தொடாம போய்ச் சேருதாங்கறது மட்டும்தான் எங்க பொறுப்பு." அதிகாரி அதைக் கடுமையாகச் சொல்லவில்லை. உண்மையும் அதுதான்.

ஃபைல் ரத்தானது. ஆனால் படித்தவர்கள் படித்ததுதான். ஜெபராணி சிஸ்டர் தன் ஸ்டோரில் இருந்த செம்பியன் ஃபில்டர்களில் அறுபதை எடுத்து, ஒவ்வொன்றாகத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி, இரத்த அழுத்தம் பார்க்கும் ரப்பர் பந்தால் காற்றடித்துப் பார்த்தாள். இரண்டில் குமிழி வந்தது. போன ஆறு மாதத்தில் அலாரம் அடித்து நின்ற இயந்திரங்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தாள். இயந்திரக் கோளாறு என்று எழுதி மூடியவை எல்லாம் இரண்டாம் லைன் சரக்கு. குமிழியைப் படம் எடுத்து மற்ற மையங்களுக்குப் போனில் அனுப்பினாள். எந்தப் பூட்டும் இல்லாத சாதாரண மெசேஜ். சாயங்காலத்துக்குள் பத்தொன்பது மையங்கள் தண்ணீர்த் தொட்டி வைத்துவிட்டன.

செம்பியன் தன் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டது. சென்னியப்பன் விருப்ப ஓய்வில் போனார். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்றிருந்த சோதனை இயந்திரம் மூன்று வாரத்தில் வந்து இறங்கியது. அந்த மூன்று வாரமும் ஃபில்டர் பற்றாக்குறைதான். சென்னியப்பன் சொன்னதில் அது பொய்யில்லை. தர்மபுரியில் ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவருக்கு ஒரு முறை டயாலிசிஸ் தவறி நுரையீரலில் நீர் கோத்தது. ஐந்து நாள் ஐசியுவில் கிடந்து பிழைத்தார். ஜெபராணி சிஸ்டர் இதை இந்துஜாவிடம் போனில் சொன்னாள். ஆறுதல் எதுவும் சேர்க்கவில்லை. "உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்னு தோணுச்சு" என்றாள். இந்துஜா அவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை தினகரனோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அந்த மனிதருக்கு அவள் யாரென்று தெரியாது. அவளாகச் சொன்னாள். அவர், எந்த பஸ்ஸில் வந்தீர்கள் என்று கேட்டார்.

ஐந்து மாதம் கழித்து ரியாசுதீன் அவளைத் தேடி வந்தான். அப்போது அவள் ஒரு விதைக் கம்பெனியின் ஸ்டோரில் வேலையில் இருந்தாள். சர்வரில் இருக்கும் அவளுடைய துடிப்புப் பதிவை அவள் முன்னிலையில் அழிக்க வேண்டுமாம், சட்டம். விதை மூட்டைகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து ஐந்து நிமிஷத்தில் அழித்தான். அவள் டீ வாங்கிக் கொடுத்தாள்.

"செம்பியன்ல புதுசா ஆள் போட்டுட்டாங்களா?" என்று கேட்டாள்.

"போட்டாச்சு மேடம். ரொம்ப அமைதியானவங்க. ஒரு தடவகூட ரெட் வரல."

"லீக் டெஸ்ட் எண்ணெல்லாம் ஒழுங்கா வருதுங்களா? அவங்க பாக்கறாங்களா?"

ரியாசுதீன் டீ கிளாஸைக் கையிலேயே சுற்றினான். "புது வெர்ஷன் வந்திருக்கு. உங்க கேஸுக்கு அப்புறம் கம்பெனிங்க எல்லாம் சேர்ந்து கேட்டது. சாவிதாரருக்கு ஸ்கிரீன்ல ஃபைல் தெரியாது. தொகுதி நம்பர் மட்டும்தான். உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சா பதறுறாங்க, பதறினா சர்வீஸ் நிக்குதுன்னு சொன்னாங்க. இது இன்னும் பாதுகாப்புன்னு நாங்களும் எழுதிட்டோம்."

"அப்ப அந்தக் கை எதுக்குங்க?"

அவன் கிளாஸை வைத்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டினான். படி இறங்கும்போது, கேட்காமலே, "புதுசா வந்தவங்க காஞ்சிக்கோயில்லருந்து வராங்க மேடம். டவுன் பஸ்தான்" என்றான்.

மறுநாள் காலையில் இந்துஜா ஸ்டோரில் ஒரு மணி நேரம் பர்மிஷன் சொல்லிவிட்டு, சிப்காட்டுக்கு இரண்டு நிறுத்தம் முன்னால் போய் நின்றாள். நடந்ததைச் சொன்னால் அந்தப் பெண்ணுக்கு அன்றைக்கே சிவப்பு வரும். வீட்டில் என்ன நிலைமையோ, எத்தனை பேர் அந்தக் கையை நம்பியிருக்கிறார்களோ. அதையும் யோசித்துக்கொண்டேதான் நின்றாள். ஏழே முக்காலுக்கு பஸ் வந்தது, ஏறினாள். கூட்டம் அவ்வளவாக இல்லை. ஜன்னலோரம் ஓர் இளம்பெண் வலது கையில் மட்டும் கம்பெனியின் வெள்ளைக் கையுறை போட்டு, அதை மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது.

இந்துஜா அதில் போய் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பும் வரை பொறுத்திருந்துவிட்டு, "செம்பியனுக்குத்தான போறீங்க?" என்று கேட்டாள்.